மெழுகு இல்லை, டவுன் பஸ்

தப்பாகச் சொல்லிவிடுவோம், அதில் செண்பகவல்லிக்குச் சந்தேகமே இல்லை. எந்த இடத்தில், எந்த வார்த்தையில் கால் வழுக்கும் என்பதுதான் தெரியவில்லை. முதல் வரிசை நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளைத் திரையில் சிவப்பு வெளிச்சப் புள்ளி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியை ஓட்டுகிறவள் அவள் பெற்ற மகள் முத்துச்செல்வி. ஐந்தாறு வருஷம் ஈஸ்ட்டோடும் குளிர்பெட்டியோடும் குடித்தனம் நடத்திவிட்டு, இன்றைக்கு டாக்டர் பட்டத்துக்கான வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில் நிற்கிறாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், வீட்டு ஆட்கள் வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். பலகாரத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பக்கச் சுவரை ஒட்டிய மேசையில் லட்டும் சேவும் கடலைமிட்டாயும் போட்ட பெட்டிகள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. கவலையெல்லாம் வாசலில் வைத்து எமரால்டு மேடம் சொன்னதுதான். மகளுக்கு வழிகாட்டியாக இருக்கிற பேராசிரியர், நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடிதான் சொன்னார். "அம்மா, கடைசியில நாங்க ரிப்போர்ட் எழுத உள்ள போயிருவோம். அந்த நேரத்துல நீங்க மைக்ல ரெண்டு வார்த்தை பேசணும். செல்வி என்ன பண்ணிருக்கான்னு உங்க வாயால சொன்னீங்கன்னா அழகா இருக்கும்." செண்பகவல்லி தலையை ஆட்டினாள். வெட்டப்போகிற ஆடு தலையை ஆட்டுமே, அப்படி. ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டுப் பேசச் சொல்லக் கூடாதா? எழுதிக்கொண்டிருக்கும்போதே பேச வேண்டுமாம். உள்ளே பேனாவைத் திறக்கிறார்கள், வெளியே பெற்றவள் மைக்கில் உளறுகிறாள், சத்தம் கதவு தாண்டிக் கேட்கிறது, பெற்றவளுக்கே இவ்வளவுதான் தெரியும் என்றால் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று தேர்வு நடத்த மைசூரிலிருந்து வந்திருக்கும் அந்தப் பெரியவர் பேனாவை மூடிவிட்டால்? அப்படி நடக்காது என்று அறிவுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை. மெழுகு இல்லை, பஸ். மெழுகு இல்லை, பஸ். அதை மட்டும் மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஆனால் வாய்க்கு மெழுகுதான் பழக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தீப்பெட்டி ஆலைக்குப் போனவள் அவள். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. ஒன்றோடொன்று தலை முட்டாமல், ஒரு காட்டுக்கு மரம் நட்ட மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்புறம் அந்தச் சட்டத்தை உருகிய மெழுகில் முக்குவார்கள், அதற்குப் பிறகுதான் மருந்து. மெழுகு படாத குச்சி தனியாகத் தெரிந்துவிடும். கிழித்தால் தலை மட்டும் 'புஸ்' என்று சீறும், கட்டைக்குத் தீ இறங்காது, அணைந்துவிடும். மெழுகு பட்ட குச்சியோ பூப்போல நின்று எரியும். அந்த வாசனை, சூடான மெழுகும் பச்சை மரமும் கலந்த வாசனை, இந்தக் குளிர்சாதன அறையில்கூட எங்கிருந்தோ வருகிறது. இல்லை, பக்கத்தில் யாரோ சட்டைக்கு சென்ட் அடித்திருக்கிறார்கள். முத்துச்செல்வி படிப்பைப் பற்றி முதல் தடவை சொன்னபோது செண்பகவல்லிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா என்று பெயர், நாம் சாப்பிடுகிற சாப்பாட்டை நாம் இழுக்கிற மூச்சைக் கொண்டு எரிக்கிறது, அதைச் சுற்றி ஒரு சவ்வு, அந்தச் சவ்வில் கொழுப்பு, அந்தக் கொழுப்பு இல்லையென்றால் எரிப்பு சரியாக நடக்காது. "அட, மெழுகு! மெழுகு இல்லன்னா குச்சி எரியாதுல்லா, அதான?" என்றாள். மகள் அப்போது அவசரத்தில் இருந்தாள். "ஆமா, கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அந்தக் 'கிட்டத்தட்ட' செய்த வேலை! மறுநாளே குழாயடியில் எதிர்வீட்டு கோமு அக்கா, "உன் மக என்னத்தப் படிக்கா?" என்று கேட்க, இவள் நெஞ்சை நிமிர்த்தி, "கொழுப்பு எப்படி எரியுதுன்னு கண்டுபுடிக்கா" என்று சொல்லித் தொலைத்தாள். பொங்கலுக்கு முத்துச்செல்வி ஊருக்கு வந்த மறுநாள் காலையில் வாசல் நிறைய ஆட்கள். கோமு அக்கா, அவள் மருமகள், பால்காரர் சம்சாரம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாவுமில்காரர். "தாயி, இந்தத் தொப்பைக்கு ஒரு மருந்து சொல்லு, நாங்க வெளிய யாருட்டயும் சொல்ல மாட்டோம்." பல் விளக்கிக்கொண்டிருந்த பிள்ளை நுரையோடு நின்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வைவா நடக்கும்போது சிரிக்கலாமா? செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமுகிற மாதிரி ஒரு சத்தமும் செய்துவைத்தாள்.

"என்னளா, தண்ணி வேணுமா?" என்றார் பக்கத்தில் இருந்த உலகநாதன். தூங்கவில்லை என்று காட்டுவதற்காகக் கேட்கிறார். முப்பது வருஷமாகப் புருஷன், டவுன் பஸ் கண்டக்டர், நின்றுகொண்டே தூங்கப் பழகியவருக்கு மெத்தை போட்ட நாற்காலி கிடைத்தால் என்ன ஆகும்? "கண்ணத் தொறந்து புள்ளையப் பாருங்க" என்று கிசுகிசுத்தாள். "பாத்துட்டுத்தான இருக்கேன், நம்ம புள்ளதான" என்றார். ரோஜாப்பூ நிறச் சட்டை, அதில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. சட்டைப் பையில் உள்ள விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரும்படி கெஞ்சியிருந்தாள். கேட்டாரா தெரியவில்லை. திரையில் படம் மாறியது. ஒரு நீள்வட்டப் பை, அதற்குள் மடிப்பு மடிப்பாக ஏதோ. இது அவளுக்குத் தெரியும். உள் சவ்வு. சேலைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து உள்ளே செருகியிருக்கும், சின்ன இடத்தில் நிறைய துணி. தன்னை அறியாமல் குனிந்து தன் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு இருக்கிறது. அந்தச் சவ்வில் கொழுப்பு பல வகை, பெரும்பாலும் ரெண்டு வால் உள்ளது, ஆனால் ஒன்றே ஒன்றுக்கு நாலு வால், கார்டியோலிப்பின் என்று பெயர், மாட்டு இதயத்திலிருந்துதான் முதலில் எடுத்தார்களாம். முத்துச்செல்வி சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தது. "எங்க, திருப்பிச் சொல்லும்மா." "கார்டியோ..." "ம்." "கார்டியோலிங்கம்." பிள்ளை வெண்டைக்காயைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தாள். லிப்பின், லிப்பின், லிப்பின். அந்த வார்த்தையை மைக்கில் சொல்லவே கூடாது. நாலு வால் கொழுப்பு என்று சொல்லலாம். வால் என்றால் சிரிப்பார்களோ? திரையில் இப்போது நீலக் கோடுகள் வந்துவிட்டன. அந்த நீலக் கோடு! அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது, கையெல்லாம் மாவு, முழங்கையால் அமுக்கி எடுத்தால், "எம்மா, கோடு திரும்ப வந்துருச்சு" என்று ஒரே அழுகையும் சிரிப்புமாகப் பிள்ளையின் குரல். எந்தக் கோடு, எங்கே போயிருந்தது, எதற்குத் திரும்ப வந்தது, ஒன்றும் தெரியவில்லை. வந்தது நல்லதுக்குத்தான் என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாயாசம் வைத்தாள். உலகநாதன் டூட்டி முடிந்து வந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "கோடு வந்துருச்சாம்" என்றாள். அவர் ரெண்டு டம்ளர் குடித்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு கோட்டுக்குப் பாயாசம் வைத்த வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான் இருக்கும்.

அப்புறம் மெல்ல மெல்லத்தான் விஷயம் விளங்கியது. விளங்கியது என்று எப்படிச் சொல்ல, இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் நழுவுகிறது. மூச்சை வைத்து எரிக்கிற வேலையைச் செய்வது ஒரே புரதம் இல்லை, பெரிய பெரிய புரதக் கூட்டங்கள். ஒன்று இன்னொன்றுக்குக் கை மாற்றி விட வேண்டும். எதை? எலக்ட்ரான். கண்ணுக்குத் தெரியாத பொடிசு. அந்தக் கூட்டங்கள் தனித்தனியாக நிற்காமல் ஒட்டி ஒரு பெரிய இயந்திரமாகச் சேர்ந்து நின்றால் வேலை சுளுவாக நடக்கும். சவ்வைக் கரைத்து, புரதங்களைப் பருமன் வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, அப்படிச் சேர்ந்து நிற்கிற கூட்டம் தெரிவதுதான் அந்த மேல் நீலக் கோடு. நாலு வால் கொழுப்பு இல்லாதபடி பிள்ளை மாற்றி வளர்த்த ஈஸ்ட்டில் புரதமெல்லாம் தயாராகத்தான் இருக்கிறது, ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் சேர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது. மேல் கோடு காணாமல் போய்விடுகிறது. கொஞ்சம் சூடு கூடினால் அந்த ஈஸ்ட் வளரக்கூட மாட்டேன் என்று படுத்துவிடுகிறது. பிள்ளை இதைச் சொன்னது பொங்கல் லீவில், சோற்றுக்கு முன்னால். செண்பகவல்லி மறுபடி மெழுகைத்தான் கொண்டுவந்தாள். "இல்லம்மா, மெழுகு எரியுது. இந்தக் கொழுப்பு எரியுறதுக்கு இல்ல. சேத்துப் புடிக்கதுக்கு. அது எரியுது, இது புடிக்கி. ரெண்டும் வேற." "அப்போ நான் தெருவுல சொன்னது?" "தப்பு." "முழுசாவா?" "முழுசா." உலகநாதன் ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டார். "கை மாத்தி விடுததுன்னா என்னட்டக் கேளு. கூட்டம் நெருக்கி நிக்கித வண்டியில நான் முன்னால இருந்து அசைய வேண்டாம். பின்படியில ஏறுனவன் காசு கை மாறி கை மாறி என்கிட்ட வந்துரும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியா போயிரும். ஒருத்தன் திங்க மாட்டான். ஆனா அங்கொண்ணு இங்கொண்ணா ஆளு நிக்கித வண்டியில காசு கீழ விழுந்து உருளும், நான்தான் நடந்து சாவணும்." முத்துச்செல்வி பிசைந்த சோற்றோடு கையை நிறுத்திவிட்டாள். "எப்பா. எப்பா, அதேதான்." "எது?" "ஆளுங்கதான் புரதம். காசுதான் எலக்ட்ரான். நெருக்கி நின்னாத்தான் கை மாறும். அந்த நெருக்கத்த உண்டாக்குறதுதான் கார்டியோலிப்பின். உள்ள தள்ளிப் போங்க, ஒட்டி நில்லுங்கன்னு நீங்க கத்துவீங்கல்லா, அது." உலகநாதன் யோசித்தார். "அப்போ அந்தக் கொழுப்பு நான்தானா?" "இது எனக்கு கல்யாணமான அன்னைக்கே தெரியும்" என்றாள் செண்பகவல்லி. பிள்ளைக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, சோறு ஆறிப்போனது. ஆமாம், அதுதான். பஸ். அதைத்தான் சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்து, என் மக டவுன் பஸ் மாதிரி ஒண்ணைக் கண்டுபுடிச்சிருக்கா, ஆளு நெருக்கி நின்னாத்தான் காசு கை மாறும், நெருக்கி நிறுத்துறது கொழுப்பு, வணக்கம். முடிந்தது. இதை எவ்வளவு தப்பாகச் சொல்லிவிட முடியும்? முடியும். அவளால் முடியும். காசு எரியும் என்று சொல்லிவிடுவாள்.

அறையில் சத்தம் மாறியிருந்தது. முத்துச்செல்வி பேசி முடித்து நன்றி சொல்லிவிட்டாள், கைதட்டினார்கள், கேள்வி ஆரம்பித்துவிட்டது. செண்பகவல்லி தட்ட மறந்து பிந்தித் தனியாகத் தட்டினாள். மைசூர் சார் எழுந்திருக்கவில்லை, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாக இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மகளின் முகம் மாறியது. பெற்றவளுக்கு அந்த முகம் தெரியும், சைக்கிளில் இருந்து விழுவதற்கு முந்திய முகம். "என்ன கேக்காக? என்ன கேக்காக?" என்று இடது பக்கம் இருந்த ஆசியாவின் கையைப் பிடித்தாள். ஆசியா முத்துச்செல்வியோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண், தங்கமான பிள்ளை, காதருகே குனிந்தாள். "கோடு பாக்கணும்னா முதல்ல சவ்வை சோப்பு மாதிரி ஒண்ணு போட்டுக் கரைக்கணும் ஆன்ட்டி. சார் கேக்குறாங்க, புரதம் செல்லுக்குள்ளயே சேராம இருந்துச்சா, இல்ல சேந்துதான் இருந்து உன் சோப்பு பட்டுப் பிரிஞ்சுச்சா, அது உனக்கு எப்படித் தெரியும்னு." செண்பகவல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன மனுஷன்! நியாயமான கேள்விதானே. துணி கிழிந்திருந்தால், உடுத்திக் கிழிந்ததா துவைத்துக் கிழிந்ததா என்று கேட்பது மாதிரி. ஐயோ, இதற்கு என்ன பதில்? மின்விசிறி இல்லாத அறையில் திரை மட்டும் லேசாக ஆடியது. முத்துச்செல்வி கீழே பார்த்தாள். பேசு தாயி. ஏதாவது பேசு. சின்னப் பிள்ளையில் கேள்வி கேட்டால் இப்படித்தான் கால் பெருவிரலால் தரையைக் கீறுவாள். இப்போதும் செருப்புக்குள் கீறிக்கொண்டிருப்பாள். உலகநாதன் விழித்துவிட்டார், தூக்கமெல்லாம் போய் நிமிர்ந்து, ஓடுகிற வண்டியில் பிடிக்கிற மாதிரி முன்னால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போது மகள் தலையை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தாள். ஆசியா வேகவேகமாகத் தமிழில் ஊற்றினாள். "நல்ல ஈஸ்ட்டையும் அதே சோப்புல, அதே அளவுலதான் கரைச்சேன், அது பிரியலன்னு சொல்றா. கொழுப்பு இல்லாததுதான் பிரிஞ்சுச்சாம். ஆனா முதல்லயே சேரலியா, லேசா சேந்து நின்னு சோப்பு பட்டதும் கைய விட்டுருச்சா, இந்தக் கோட்டை மட்டும் வச்சு எனக்குத் தெரியாது சார்ங்குறா." தெரியாது சார்! யாராவது பரீட்சையில் போய்த் தெரியாது என்பார்களா? இவ்வளவு தூரம் வந்து? "இருங்க ஆன்ட்டி, சொல்லிட்டே இருக்கா. அதனாலதான் சோப்பே படாம, உயிரோட இருக்குற ஈஸ்ட் எவ்வளவு ஆக்சிஜன் இழுக்குதுன்னு அளந்தாளாம். அங்கயும் கம்மி. கொழுப்பைச் செய்யுற ஜீனைத் திரும்பக் குடுத்ததும் மூச்சும் ஏறிருச்சு, கோடும் வந்துருச்சு." வந்த கோடு! பாயாசக் கோடு! அதுதானா இது! அன்றைக்கு முந்திரியைக் குறைவாகப் போட்டுவிட்டோமே என்று செண்பகவல்லிக்கு வருத்தமாக இருந்தது. மைசூர் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டார். சிரிக்கிறார். அவர் சிரிக்கிறார். தெரியாது என்று சொன்ன இடத்தில்தான் அந்தச் சிரிப்பு தொடங்கியது, அவள் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் நல்ல மனுஷன், அதுதான் ஆபத்து. கன்னடம் கலந்த தமிழில், திக்கித் திக்கி, "உம்ம தாய் தந்தை வந்திருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு அர்த்தம் ஆகும்படி ஒரு தடவை சொல்லும்மா" என்றார். அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. முத்துச்செல்வி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கையை வீசி, வீட்டுத் தமிழில் ஆரம்பித்தாள். "நெருக்கடியான டவுன் பஸ்ஸ நெனச்சுக்கோங்க..." பின்படியில் ஏறினவன், கை மாறுகிற காசு, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆள் நிற்கிற வண்டியில் உருண்டு ஓடுகிற காசு, எல்லாம் அப்படியே வந்தது. "உள்ள தள்ளிப் போங்க, ஒட்டி நில்லுங்க" என்று அவள் அப்பா குரலிலேயே கத்திக் காட்டியதும் பின்வரிசை மாணவர்கள் விசிலடித்தார்கள். செண்பகவல்லி சட்டென்று புருஷனின் சட்டைப் பையைப் பார்த்தாள். இல்லை, அவர் அடிக்கவில்லை. "நல்ல எடுத்துக்காட்டு. யாருடையது?" என்றார் மைசூர் சார். "எங்கப்பா சார். கண்டக்டர்." கைதட்டு எழுந்தது. உலகநாதன் எழுந்து நின்று, கும்பிட்டு, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்று கும்பிட்டார். சந்தோஷம். எவ்வளவு சந்தோஷம். ஆனால் செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது: பஸ் போய்விட்டது. அவள் கைவசம் இருந்த ஒரே சரியான பேச்சு அதுதான். அதைப் பிள்ளையே சொல்லிவிட்டாள், அவளைவிட அழகாகச் சொல்லிவிட்டாள், கைதட்டும் வாங்கிவிட்டாள். இனிமேல் மைக்கைக் கொடுத்தால் அவளிடம் மிச்சம் இருப்பது என்ன? மெழுகுதான். மெழுகு மட்டும்தான்.

பெரியவர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். எமரால்டு மேடம் போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டு, "தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை, அவள் பயந்த மாதிரியே ஒரு விரல்கடை இடைவெளி. ஆசியா எழுந்து மைக் பக்கம் போனாள். ஓடிவிடலாமா, பாத்ரூமுக்கு? பெற்ற தாய் இந்த நேரத்தில் ஓடினால் பிள்ளை தேடும். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டலாமா? ஏழாம் வகுப்பில் பாட்டு டீச்சரிடம் செய்தது, அன்றைக்கே பலிக்கவில்லை. "நீங்க பேசுங்களேன், நீங்கதான கண்டக்டர்" என்றாள் புருஷனிடம். "நான் பேசுனா சாயங்காலம் வரைக்கும் பேசுவேன், பரவால்லையா?" பேசுவார். ரூட்டு ரூட்டாகப் பேசுவார். வேண்டாம். முதலில் முத்துச்செல்வியோடு ஹாஸ்டலில் இருந்த பெண் ஒருத்தி பேசினாள், செல்வி எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுப்பாள் என்றாள். ஒரு தம்பி பேசினான், ஆய்வகக் குளிர்பெட்டியில் அவன் சாப்பாட்டை வைத்ததற்காகச் செல்வி அக்கா திட்டியதைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். என்ன பிரியமாக இருக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்! வீட்டை விட்டுத் தூரத்தில் இவள் தனியாகக் கிடக்கிறாள் என்று எத்தனை நாள் சாமி படத்துக்கு முன்னால் நின்றிருப்பாள். தனியாகவா? இத்தனை பேர் ஒட்டி நின்றிருக்கிறார்கள். நெஞ்சுக்குள் ஏதோ உருகி நிறைகிறது, மெழுகு மாதிரி. பார், வந்துவிட்டது, மறுபடியும் மெழுகு! நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. வாயைத் திறந்தால் இனிக் கொட்டிவிடும். "அடுத்து நம்ம செல்வியோட அம்மா..." என்றது ஆசியாவின் குரல் ஸ்பீக்கரில். கால் தானாக எழுந்தது. ஆனால் மேடைப் பக்கம் போகாமல் பக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியது. ஏன் திரும்பியது என்று அவளுக்கே தெரியாது. பலகாரப் பெட்டிகள் இருந்த மேசைக்குப் போய், ஒரு அடுக்கை அடியில் கைகொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். மோவாய் வரைக்கும் வந்தது. திரும்பினாள். ஆசியா மைக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். பிடிக்கக் கை இல்லை. இரண்டு கையும் நிறைந்து நிற்கிறவளிடம் யாரால் மைக்கைக் கொடுக்க முடியும்? அப்பாடா என்று இருந்தது செண்பகவல்லிக்கு. பிறந்ததிலிருந்து இவ்வளவு நல்ல யோசனை அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆசியா விடவில்லை, சிரித்துக்கொண்டே மைக்கை அவள் வாயருகில் பிடித்தாள். "ரெண்டு வார்த்தை ஆன்ட்டி."

அறையைப் பார்த்தாள். அங்கே ரெண்டு பேர், இங்கே மூன்று பேர், நடுவில் காலி நாற்காலிகள், கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நாலைந்து பிள்ளைகள். இந்த அடுக்கோடு அவ்வளவு தூரம் நடந்தால் சேலை தடுக்கி விழுவாள், லட்டு உருளும். அந்த ஒரு கவலை மற்ற எல்லாக் கவலையையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள். தன் குரல் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டு ஒரு கணம் யாரோ என்று திரும்பிப் பார்த்தாள். "தள்ளித் தள்ளி உக்காந்திருக்கீகளே, பெட்டி எப்படி வந்து சேரும்? கொஞ்சம் நெருங்கி, ஒட்டி உக்காருங்க மக்கா. நான் இங்கேருந்து குடுக்கேன், நீங்க கை மாத்தி விடுங்க." முத்துச்செல்விதான் முதலில் சிரித்தாள், பிறகு ஆசியா, பிறகு அறையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று செண்பகவல்லிக்கு விளங்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமா? சாப்பிடச் சொன்னதில் என்ன தப்பு இருக்க முடியும்? நாற்காலிகள் கிறீச்சிட்டன, பிள்ளைகள் எழுந்து வந்து நெருங்கி உட்கார்ந்தார்கள், நடுவில் இருந்த காலி இடமெல்லாம் மூடிக்கொண்டது. உலகநாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, "உள்ள தள்ளிப் போங்க! பின்னால பாஸ் பண்ணுங்க!" என்று குரல் கொடுத்தார், சட்டைப் பைக்குள் கை விட்டார், அந்த விசிலும் வெளியே வந்துவிட்டது. ஊதியும்விட்டார். அவள் நெஞ்சோடு பிடித்திருந்த அடுக்கிலிருந்து முதல் வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுக்க, பெட்டி கை மாறியது. முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு, அங்கிருந்து ஜன்னல் பக்கம், அங்கிருந்து கடைசிச் சுவருக்கு, ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரு லட்டுகூடக் கீழே விழாமல். விசில் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து அறைக் கதவு திறந்தது. மைசூர் சார் கையில் காகிதத்தோடு வாசலில் நின்று, பெட்டிகள் போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தார். அவர் கைக்கும் ஒன்று வந்தது, பின்னால் நின்ற எமரால்டு மேடத்துக்குக் கொடுத்தார், அடுத்ததைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார். அப்புறம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "டாக்டர் முத்துச்செல்வி" என்றார். அறை அதிர்ந்தது. செண்பகவல்லியால் கைதட்ட முடியவில்லை, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, பெட்டி நனைந்துவிடாமல் முகத்தை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். மகள் ஓடி வந்து பெட்டிகளோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எம்மா, நீ என்ன சொன்னன்னு தெரியுமா உனக்கு?" "நான் ஒண்ணும் சொல்லலட்டி. சாப்பிடத்தான் சொன்னேன்." "இப்போ இன்னொரு தடவை மைக்ல சொல்லும்மா, சார் கேக்காங்க." செண்பகவல்லி அடுக்கைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று மேசைக்குப் போய் அடுத்த அடுக்கைத் தூக்கிக்கொண்டாள். அது தீர்ந்ததும் அடுத்ததை. பெட்டிகள் எல்லாம் தீர்ந்த பிறகு தண்ணீர் பாட்டில்களை. ஆசியா மைக்கின் வயரைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் வரைக்கும் அவள் கையை வெறுமனே வைக்கவில்லை.